வன்னியின் சூரிய மின்நிலையங்களும் மின்மாற்றிகளின் மிகையோட்டக் காப்பும்

மின்மாற்றியின் சுருள்கள் தாங்கக்கூடிய அளவை மீறிப் பாயும் மின்னோட்டமே மிகையோட்டம் எனப்படும்; சுருள்கள் வெந்து கெடுமுன் அதனைத் துண்டிப்பது மிகையோட்டக் காப்பின் பணியாகும். மின்சாரம் கிரிட் உபநிலையத்திலிருந்து நுகர்வோரை நோக்கி ஒரே திசையில் பாய்ந்த காலத்தில் இப்பணிக்கு ஓர் உருகி பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. நுகர்வோர் பக்கத்திலேயே சூரிய மின்னுற்பத்தி நிகழும் இன்றைய நிலையில், மின்னோட்டத்தின் அளவைக் கொண்டே பழுதை இனங்காணலாம் என்ற எடுகோள் வலுவிழந்துவிட்டது. இலங்கையின் வட மாகாணத்திலுள்ள வன்னியைப் போன்ற நீண்ட வழங்கற் பாதைகள் கொண்ட பிரதேசத்தில் அது மேலும் எளிதாகப் பொய்த்துவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வவுனியாவுக்கு வடக்கே தேசிய மின்வலையமைப்பு மீண்டும் விரிந்தது 2009இல் உள்நாட்டுப் போர் முடிந்த பின்னரேயாகும். வவுனியா, கிளிநொச்சி ஆகிய உபநிலையங்களில் 132 கிலோவோல்ற்று 33 ஆகக் குறைக்கப்பட்டு, சிதறிக் கிடக்கும் குடியேற்றங்களை நோக்கி நெடுந்தூரம் கொண்டுசெல்லப்படுகின்றது. பாதை நீள நீள அதன் மின்தடங்கலும் கூடுவதால், உபநிலையத்தின் அருகே ஏற்படும் குறுஞ்சுற்றைவிடப் பாதையின் கடைக்கோடியில் ஏற்படும் குறுஞ்சுற்றில் பாயும் மின்னோட்டம் மிகவும் குறைவாகவே இருக்கும். ஆகவே ஒரே கொள்ளளவுடைய இரு மின்மாற்றிகள் கிளிநொச்சி நகரில் ஒன்றும் முல்லைத்தீவின் கரையோரக் கிராமமொன்றில் மற்றொன்றுமாக நிறுவப்படும்போது, பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து இரண்டுக்கும் ஒரே காப்பினைத் தெரிவது பொருந்தாது.

உருகியின் எல்லையை எண்களே காட்டும். 33 கிலோவோல்ற்றை 400 வோல்ற்றாக மாற்றும் 100 கிலோவோல்ற்று அம்பியர் மின்மாற்றியின் முழுச்சுமை மின்னோட்டம் உயரழுத்தப் பக்கத்தில் ஏறத்தாழ 1.75 அம்பியரும் தாழழுத்தப் பக்கத்தில் 144 அம்பியருமாகும். மின்மாற்றிக்கு மின்சாரம் கொடுக்கும் கணத்தில் அதன் இரும்பகம் காந்தமாகும்போது முழுச்சுமையின் 8 முதல் 12 மடங்கு வரையான தொடக்கப் பாய்ச்சல் எழக்கூடும். அதனை உருகி உருகாமல் தாங்கியாக வேண்டும். ஆதலால் டி.டி.எல்.ஓ. எனப்படும், உருகியதும் கீழே விழுந்து தொங்கும் உயரழுத்த உருகி, முழுச்சுமையைவிடப் பன்மடங்கு பெரிதாகவே தெரிவுசெய்யப்படுகின்றது. அது குறுஞ்சுற்றைத் துண்டிக்குமேயன்றி, ஒன்றரை மடங்குச் சுமையில் மணிக்கணக்காக வெந்துகொண்டிருக்கும் மின்மாற்றியைக் காப்பாற்றாது. அப்பணி தாழழுத்தப் பக்கச் சுற்றுடைப்பானுக்கே உரியது.

சூரிய மின்நிலையம் பழுதின்போது நடந்துகொள்ளும் விதம் மரபுவழி மின்நிலையத்தினின்று வேறுபட்டது. சுழலும் மின்பிறப்பாக்கி குறுஞ்சுற்றின்போது தன் வழமையான மின்னோட்டத்தைப்போலப் பல மடங்கு பாய்ச்ச வல்லது. சூரியத் தகட்டின் நேரோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றும் இன்வேட்டரோ தன் குறைகடத்திகளைக் காக்கும் பொருட்டு 1.1 அல்லது 1.2 மடங்குடன் நின்றுவிடும். 1000 கிலோவோல்ற்று அம்பியர் மின்நிலையமொன்றின் முழுச்சுமை 33 கிலோவோல்ற்றில் 17.5 அம்பியர் எனின், அருகிலுள்ள வழங்கற் பாதையில் குறுஞ்சுற்று ஏற்பட்டாலும் அந்நிலையம் 21 அம்பியருக்கு மேல் கொடுக்காது. ஐ.ஈ.சி. 60255 நியமத்தின் பொதுநிலை நேர்மாறு வளைகோட்டின்படி, நேரப் பெருக்கி 1 ஆக உள்ள, சுற்றுடைப்பானைத் திறக்கும் ரிலே 10 மடங்கு மின்னோட்டத்தில் ஏறத்தாழ 3 செக்கனில் இயங்கும், 1.2 மடங்கிலோ 38 செக்கன் எடுக்கும். ரிலேயின் அமைவு முழுச்சுமைக்குச் சற்று மேலே வைக்கப்படுவதே வழக்கமாதலால், நடைமுறையில் அது இயங்காமலே போகவும் கூடும். உச்சிவெயிலின் முழு உற்பத்தியையும் ஒரு பழுதையும் அது பிரித்தறிவதில்லை. மின்மாற்றியின் உள்ளே நிகழும் பழுதில் நிலைமை வேறு: அங்கே வலையமைப்பே பெருமின்னோட்டத்தைப் பாய்ச்சுவதால் உயரழுத்தப் பக்கக் காப்பு இயங்கும். எனவே காப்பின் அளவைச் சூரிய நிலையத்தின் கொள்ளளவிலிருந்தல்லாது, அந்த இடத்தில் வலையமைப்பு தரக்கூடிய குறுஞ்சுற்று மின்னோட்டத்திலிருந்தே கணிக்க வேண்டும்.

புவிப்பழுது இதனினும் சிக்கலானது. பொதுவான வழங்கல் மின்மாற்றியின் உயரழுத்தச் சுருள் முக்கோண இணைப்பிலும் தாழழுத்தச் சுருள் நடுநிலை புவித்தொடுப்புள்ள விண்மீன் இணைப்பிலும் அமைந்திருக்கும். மாரிக்காற்றில் மரக்கிளை விழுந்து 33 கிலோவோல்ற்றுக் கம்பியொன்று அறுந்து நிலத்தைத் தொடும்போது உபநிலையச் சுற்றுடைப்பான் திறந்துகொள்ளும். அத்துடன் அப்பாதைக்கு இருந்த புவித்தொடுப்பும் நீங்கிவிடும். அந்நேரத்தில் இன்வேட்டர்கள் நிற்காதிருப்பின், முக்கோணச் சுருளினூடாகப் புவிமின்னோட்டம் திரும்ப வழியில்லாமையால் மிகையோட்டம் எதுவும் தோன்றாது. ஆயினும் பழுதற்ற இரு கம்பிகளின் புவிசார் அழுத்தம் 19 கிலோவோல்ற்றிலிருந்து 33 வரை ஏறி, மின்னற் காப்பான்களையும் காவலிகளையும் தாக்கும். அறுந்த கம்பியை அணுகுபவரின் உயிருக்கும் இதில் உறுதியில்லை. நடுநிலை அழுத்தப் பெயர்ச்சியை அளக்கும் ரிலேயும், வலையமைப்பு இழக்கப்பட்டதை உணர்ந்து இன்வேட்டரை நிறுத்தும் தீவாக்கத் தடுப்பும் இங்கே ஆடம்பரங்கள் அல்ல.

மூன்று உருகிகளில் ஒன்று மட்டும் உருகுவதும் கவனத்துக்குரியது. மேற்கூறிய இணைப்பில் தாழழுத்தப் பக்கத்தின் ஒரு கட்டம் முழு அழுத்தத்துடனும் ஏனைய இரண்டும் ஏறத்தாழப் பாதி அழுத்தத்துடனும் நிற்கும். இன்வேட்டர் இதனை உணர்ந்து விலகிக்கொள்ளும். அதே மின்மாற்றியில் இயங்கும் அரிசி ஆலையின் மும்முனை மோட்டாருக்குத் தனிக்காப்பு இல்லையெனில் அது எரிந்துபோகும். இடியும் மின்னலும் மிகுந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பாதை அடிக்கடி துண்டிக்கப்பட்டு மீள இணைக்கப்படுவதால், ஒவ்வொரு தொடக்கப் பாய்ச்சலும் உருகிக் கம்பியைச் சிறிது சிறிதாக நலியச் செய்து இத்தகைய தனி உருகலுக்கு வழிவகுக்கின்றது.

காப்புக் கருவிகளின் விலையைக் காட்டி இவ்வாதத்தை மறுப்போர் உளர்; சிறிய பொது மின்மாற்றிகளைப் பொறுத்தவரை அவர்கள் கூற்று நியாயமானதே. ஒவ்வொரு 100 கிலோவோல்ற்று அம்பியர் மின்மாற்றிக்கும் உயரழுத்தச் சுற்றுடைப்பான் வைப்பது வீண்செலவு. மறுபுறம், இன்வேட்டர்களின் அழுத்த, அதிர்வெண் காப்புகளை மிக நுண்மையாக அமைப்பதும் ஆபத்தானதே. சூரிய உற்பத்தி மிகுந்திருந்த 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முற்பகலில் பாணந்துறை உபநிலையத்தில் நேர்ந்த ஒரு பழுது நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. சிறு குலைவுக்கெல்லாம் இன்வேட்டர்கள் ஒருங்கே விலகுமாயின் எத்தகைய விளைவு நேரும் என்பதை எண்ணிப்பார்க்க அந்நிகழ்வு போதும்.

ஆகவே சிறிய மின்மாற்றிகளுக்கு உயரழுத்த உருகியும் சரியாக அமைக்கப்பட்ட தாழழுத்தச் சுற்றுடைப்பானும் போதும். தனி மின்மாற்றியுடன் 33 கிலோவோல்ற்றில் இணையும் நிலையங்களுக்கு மும்முனையையும் ஒருங்கே திறக்கும் சுற்றுடைப்பானும் நடுநிலைப் பெயர்ச்சி ரிலேயும் இன்றியமையாதவை. பூநகரியில் 700 மெகாவாற்றுச் சூரியத் திட்டம் முன்மொழியப்பட்டுள்ள நிலையில், வன்னியின் ஒவ்வொரு 33 கிலோவோல்ற்றுப் பாதையின் குறுஞ்சுற்று அளவுகளையும் மின்சாரம் வழங்கும் நிறுவனமும் கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடமும் இணைந்து கணித்து, நிறுவுநர் எவரும் பார்க்கத்தக்கதாக வெளியிட வேண்டும்.