கிந்தாப் பள்ளத்தாக்கின் மண்ணரிப்பும் அதை அளக்கும் முறையும்

‘அரித்தல்’ என்னும் வினைக்குப் பொருள் பல. இங்கு இரண்டு போதும். நீர் மண்ணைக் கரைத்துச் செல்வதும் அரித்தல்; அரிசியிலிருந்து கல்லை நீரால் பிரிப்பதும் அரித்தல். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களில் இவ்விரண்டும் ஒரே தொழிலாக நிகழ்ந்தன. சரிவை நீர் பீய்ச்சி உடைத்து, சேற்றை அரித்து ஈயமணலை எடுத்தனர். எஞ்சிய மண் ஆற்றுக்குப் போயிற்று. சிலாங்கூரில் பழைய கோலகுபு நகரம் இத்தகைய வண்டலில் புதைந்து, 1926 வெள்ளத்திற்குப் பின் வேறிடத்தில் கோலகுபு பாருவாக எழுந்தது.

ரப்பர்த் தோட்டங்களின் பங்கும் சிறிதன்று. தொடக்கக் காலத்தில் பால்மரங்களுக்கிடையே புல் ஒன்றும் நில்லாதபடி கொத்திக் களைவதே நல்ல பராமரிப்பு எனத் துரைமார் கருதினர். கொத்தியவர்களுள் பெரும்பாலோர் நம் முன்னோர். அக்கொள்கையை வகுத்தவர் அவரல்லர். வெறுமையான சரிவில் மழைநீர் முதலில் விரலகலக் கீற்றுகளைப் போடும். அவை ஒன்றுகூடி ஆளிறங்கும் பள்ளமாகும். மூடுபயிரும் வண்டற்குழியும் பின்னரே வந்தன.

இப்பள்ளங்களை இன்று இலக்கமுறை உயர மாதிரியால் அளக்கின்றனர். நிலத்தைக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றின் உயரத்தையும் குறிப்பது அது. இரு காலத்து மாதிரிகளைக் கழித்தால் போன மண்ணின் கன அளவு கிடைக்கும். 40 மீட்டர் நீளம், சராசரி 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் கொண்ட பள்ளம் என வைப்போம்: 120 கனமீட்டர். கனமீட்டருக்கு 1.3 டன் எனில் 156 டன். அதில் ஒரு பகுதி சரிவின் அடியிலேயே தங்கும். மீதியே ஆற்றுக்கு வரும் வண்டல்.

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாளில் ரேடாரால் அளந்த மாதிரியைத் தோட்டப்புறத்தில் அப்படியே நம்பலாகாது. அதன் கட்டம் ஏறத்தாழ 30 மீட்டர். நம் பள்ளம் அதனுள் மறைந்துவிடும். மேலும், அந்த ரேடார் பெரிதும் மரத்தலைகளையே கண்டது. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட இடத்தைப் பிந்திய மாதிரியோடு ஒப்பிட்டால், மரத்தின் உயரம் மண்ணின் இழப்பாகத் தோன்றும். ஈயக்குட்டையிலோ நீர்ப்பரப்பே தெரியும். குழியின் ஆழம் தெரியாது. வானூர்தியிலிருந்து லேசர் பாய்ச்சும் லைடார், இலைகளினூடே தரையைத் தொட்டு 1 மீட்டர் கட்டம்வரை நுணுகும்.

ஆயினும், களைவெட்டுக் காலத்துத் தரையை எந்த விண்கலமும் அளக்கவில்லை. பள்ளத்தின் இரு கரைகளையும் இணைத்துப் பழைய தரையை ஊகிப்பதே எஞ்சும் வழி. அதற்குப் பள்ளம் இருக்க வேண்டும். வீடமைப்புக்காகச் சமன்படுத்திய தோட்டத்தில் அது கிடைக்காது. புந்தோங் மாணவர்கள், எஞ்சிய சரிவுகளில் கயிறும் அளவுகோலும் கொண்டு இன்றே அளக்கலாம். 5 மீட்டருக்கு ஒருமுறை அகலமும் ஆழமும் குறித்துக்கொண்டால் கணக்கிடப் போதுமானது.