தூரம் தெரிவுசெய்த பாடங்கள்

எமது பாடசாலையின் நூறு ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கும்போது, எத்தனை பேர் பல்கலைக்கழகம் சென்றோம் என்ற கணக்கையே முதலில் எடுக்கிறோம். என்ன படிக்கச் சென்றோம், அதை யார் தீர்மானித்தார்கள் என்பதையும் அந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கல்முனைக் கரையோரப் பெண்களாகிய எங்களுக்குப் பாடத்தைத் தெரிவுசெய்ததில் விருப்பத்துக்கும் பெறுபேற்றுக்கும் இருந்த பங்கைவிட, வீட்டிலிருந்து விரிவுரை மண்டபம் வரை இருந்த தூரத்தின் பங்கு பெரிது.

1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. அங்கு படித்தவர்கள் லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைக்கே தோற்றினார்கள். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானது. அடுத்த ஆண்டு அதன் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர் சுவாமி விபுலானந்தர். அதற்கு முன் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியர் அவரே. அவர் பிறந்த காரைதீவு, சாய்ந்தமருதுக்கு அடுத்த ஊர். தமிழ் கற்பித்த பேராசிரியர் எமது பக்கத்து ஊரார். அவரிடம் சென்று கற்க எமது உம்மம்மாமாருக்கு வழி இருக்கவில்லை.

அதே 1942இல், யுத்தகால உணவு உற்பத்தியைக் கவனிக்க, உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார் ஏ. எம். ஏ. அஸீஸ். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். விபுலானந்தரோடு நெருங்கிப் பழகினார். இங்கு அவர் கண்ட கல்வி வறுமை அவரை உறுத்தியது. கல்முனையில் ஒரு முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தை உருவாக்கினார். திறமையிருந்தும் பணமில்லாத பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுசெல்வதே அதன் நோக்கம். இலவசக் கல்வி வந்ததும் அதே காலத்தில்தான். 1960இலிருந்து கலைப் பாடங்களைத் தமிழிலேயே பல்கலைக்கழகத்தில் கற்கவும் முடிந்தது. பணத் தடையும் மொழித் தடையும் இவ்வாறு ஓரளவு விலகின. தூரம் விலகவில்லை.

1981இல் மட்டக்களப்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது அதுவும் குறையத் தொடங்கியது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஆனால் 1990இன் வன்செயல்களுக்குப் பின் வந்தாறுமூலைக்குச் செல்லும் பாதை முஸ்லிம் மாணவர்களுக்கு அச்சம் நிறைந்ததாக மாறியது. அந்த இடைவெளியிலிருந்தே தென்கிழக்கு பிறந்தது. 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996 மே மாதத்தில் முழுப் பல்கலைக்கழகமானது. அதற்காக முன்னின்று உழைத்த எம். எச். எம். அஷ்ரப் கல்முனையில் வளர்ந்தவர், தொழிலால் சட்டத்தரணி.

எமது வகுப்பினர் உயர்தரப் பரீட்சைக்கு அமர்ந்த காலம் அதன் தொடக்க காலம். அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினால் ஒலுவிலில் இறங்கலாம். மஃரிபுக்கு முன் வீட்டுக்கும் வந்துவிடலாம். "கெம்பஸா, அவ்வளவு தூரமா?" என்று கேட்ட வாப்பாமார் வாய் திறக்கவில்லை. கலையும் கலாசாரமும், முகாமைத்துவமும் வர்த்தகமும் முதலில் வந்தன. பின்னர் சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞானமும், 2005இல் இஸ்லாமியக் கற்கைகளும் அரபு மொழியும், அதன் பின் பொறியியலும் வந்தன. மொழி கற்ற எமது தோழிகள் பலர் இன்று இக்கரையோரப் பாடசாலைகளில் ஆசிரியைகள்.

மருத்துவத்துக்குத் தெரிவான நாங்கள் அப்போதும் தொலைவுக்கே சென்றோம். அதற்கு வீட்டில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. "டொக்டருக்குப் படிக்கிறா" என்ற ஒரு சொல் எத்தனை மைலையும் மன்னித்தது. சட்டம் படிக்க விரும்பிய தோழிகளுக்கோ அதே தூரம் பெரும் தூரமானது. "பொம்புளப் புள்ளைக்கு கோடும் கச்சேரியும் எதுக்கு?" என்றார்கள். கொழும்பு எமக்கு ஒரு தூரத்திலும் அவர்களுக்கு வேறொரு தூரத்திலும் இருந்தது. அவர்களில் சிலர் கையெட்டிய வேறு பாடம் படித்தார்கள். சிலர் எதுவும் படிக்கவில்லை.

இதன் விலையைப் பின்னர் கண்டோம். எமது ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. திருமணத்தின்போது உறுதி மகளின் பெயருக்கே எழுதப்படும். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வீடும் உறுதியும் கடலோடு போயின. மாற்று வீட்டுக்கான படிவங்கள் 'குடும்பத் தலைவர்' யார் என்று கேட்டன. பல இடங்களில் புதிய வீடு ஆணின் பெயருக்குப் போனது. தாய்வழியாக வந்த உரிமை ஒரு படிவத்தின் கட்டத்துக்குள் கைமாறியது. அந்த வரியை வாசித்து, "இது எமது வழக்கமல்ல" என்று எழுதிக் கொடுக்கச் சட்டம் கற்ற பெண்கள் எம்மிடையே போதுமானதாக இருக்கவில்லை.

காதி நீதிமன்றத்தையும் எண்ணிப் பார்ப்போம். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதியாக ஆண்களையே ஏற்றது; அங்கு சட்டத்தரணி தோன்றவும் இடமளிக்கவில்லை. தாபரிப்புக் கேட்டுச் செல்லும் பெண் தன் வழக்கைத் தானே பேச வேண்டியிருந்தது. அதற்கு முதல்நாள் அவளோடு உட்கார்ந்து விளக்க ஒருவர் வேண்டும். கிளினிக்கில் மருந்துத் துண்டை வாங்கிய பிறகும் எழும்பாமல், "டொக்டர், வேறொண்டு கேக்கட்டா?" என்று தொடங்கும் பெண்களை நாங்கள் அறிவோம். அவர்கள் கேட்பதற்கு எங்களிடம் மருந்து இல்லை.

வழிகள் இன்று முன்னரைவிட அதிகம். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களில் சட்டமாணிக் கற்கை உண்டு. 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்தில் வீட்டிலிருந்தவாறே சட்டம் பயிலலாம். 1874ஆம் ஆண்டு முதல் இயங்கும் சட்டக் கல்லூரிக்கு நுழைவுப் பரீட்சை மூலம் செல்லலாம். கலைப் பிரிவில் படிக்கும் எமது மாணவிகளுக்கு இவற்றைப் பத்தாம், பதினோராம் வகுப்பிலேயே சொல்ல வேண்டும். உயர்தரப் பெறுபேறு வந்தபின் சொல்வது பிந்திய வைத்தியம்.

அஸீஸ் தொடங்கிய நிதியத்துக்கு எண்பது வயது. நூறு வயதான ஒரு பாடசாலையின் பழைய மாணவிகளாகிய நாம், ஆண்டுதோறும் சட்டம் படிக்கச் செல்லும் ஒரு பிள்ளையின் விடுதிச் செலவையாவது ஏற்க முடியும். பணத்தோடு, அவளுடைய வாப்பாவிடம் சென்று பேச நம்மில் இருவரும் முன்வர வேண்டும். டொக்டர்மார் போய்ப் பேசினால் கேட்பார்கள்.