கும்பெனித் தேயிலையும் நானிங் நெல்லும்

பாட்டனும் பாட்டியும் கொழுந்து பறித்த மலைச்சரிவுகளைப் பார்த்தபடியே கேமரன் மலையின் கோலா தெர்லாவிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் புறப்படும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு, 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்ட வரலாற்றைச் சொல்லப் புகும் ஆசிரியர், சமவெளி ஆசிரியர்க்குக் கிட்டாத பாக்கியம் பெற்றவர். ஒரு பெட்டி நிறைய எத்தனை கூடைக் கொழுந்து வேண்டும் என்பதை அப்பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

விளக்க வேண்டியது வேறொன்று. அவ்வாண்டு இங்கிலாந்துப் பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தால் அமெரிக்காவில் தேயிலையின் விலை ஏறவில்லை, இறங்கவே செய்தது. ராத்தலுக்கு மூன்று பென்னி வரி மட்டும் முன்போலவே நீடித்தது. மலிவான தேயிலையை ஏன் கொட்டினார்கள் என்று வகுப்பில் கேட்டுவிட்டு, ஆசிரியர் சற்று நேரம் மௌனமாக இருப்பது நல்லது. தங்கள் பிரதிநிதி ஒருவரேனும் அமராத சபைக்குத் தங்கள்மீது வரி விதிக்க என்ன அதிகாரம் என்பதே அமெரிக்க ஜனங்களின் வினா. தொகையைப் பற்றி எழுந்த வழக்கன்று அது.

கொட்டப்பட்ட தேயிலை கிழக்கிந்தியக் கும்பெனியின் சரக்கு. கிஸ்தி கேட்டுப் பாஞ்சாலங்குறிச்சியின் வாசலுக்கு வந்து, 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டதும் அதே கும்பெனிதான். அதுவே பின்னர் மலாக்காவை அடுத்த நானிங்குக்கும் வந்தது.

டச்சுக்காரர்கள் 1641இல் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி நானிங் தன் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தரவேண்டியிருந்தும், நடைமுறையில் ஆண்டுக்கு 400 காந்தாங் நெல் என்னும் அடையாளக் காணிக்கையோடு அது நின்றிருந்தது. மலாக்கா தங்கள் வசமானபின், பழைய ஏட்டைப் புரட்டிய ஆங்கில அதிகாரிகள் நானிங்கையும் மலாக்காவின் ஒரு பகுதியென்றே பாவித்துப் பத்தில் ஒரு பங்கைக் கேட்டபோது, நானிங்கின் தலைவரான பெங்ஹுலு டோல் சைட் மறுத்தார். 1831 ஆகஸ்டில் அவரை அடக்கச் சென்ற சிறுபடை காட்டுப்பாதையில் திணறித் திரும்பியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களோடு மறுபடி புறப்பட்ட படை, மரங்களை வெட்டிப் பாதை சமைத்துக்கொண்டே நகர்ந்து, 1832 ஜூனில்தான் டோல் சைட்டின் இருப்பிடமான தாபோவை அடைந்தது. சில நூறு வெள்ளிக்கு மேல் பெறாத வருமானத்துக்காகக் கும்பெனி செலவிட்டது ஏறக்குறைய ஒரு லட்சம் பவுன் என்பர்.

அந்தப் படையின் சிப்பாய்கள் சென்னை மாகாணத்தவர். கயத்தாற்றுத் துயரம் நிகழ்ந்து முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குள், அதே மாகாணத்தின் மக்கள் அயலான் கூலிக்கு இன்னொரு ஜனத்தின் நெல்லைப் பறிக்கத் துப்பாக்கி ஏந்தினர். இதைத் தமிழ்ப் பிள்ளைகளிடம் மறைப்பது நியாயமன்று என்பது என் உறுதியான அபிப்பிராயம். மலாய்த் தோழர்களுடன் ஒரே பெஞ்சில் அமரும் அவர்கள் இதையும் அறிந்து வளரட்டும்.

பாடம் பிள்ளைகளின் சொந்த மாநிலமான பகாங்கிற்கும் வரவேண்டும். 1888இல் இம்மாநிலத்துக்கு ரெசிடெண்ட் வந்தபின், வரி தண்டும் உரிமையைப் பெருந்தலைவர்கள் இழந்தார்கள். 1891 டிசம்பரில் செமந்தானின் டத்தோ பஹாமான் ஆயுதம் ஏந்தினார். அது குடிகளைக் காட்டிலும் தலைவர்களின் உரிமைப் போராகவே தொடங்கியது என்ற வேறுபாட்டையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி விடலாம்.

நானிங்கின் டோல் சைட்டோ 1834இல் சரணடைந்தார். கும்பெனி அவரை மன்னித்து, மலாக்காவில் வீடும் மாதம் 100 ரூபாய் உபகாரச் சம்பளமும் அளித்தது; 1849இல் அவர் காலமானார். அவருடைய சமாதி தாபோ நானிங்கில் இருக்கிறது. மலாக்காவுக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் கேமரன் மலை ஆசிரியர்கள், கோட்டை வாசலோடு திரும்பிவிடாமல், அவர்களை ஒருமுறை அங்கேயும் அழைத்துச் செல்லுமாறு வேண்டுகிறேன்.