ஸபீத்: அங்கீகாரமும் பராமரிப்பும்

அரபு அகராதிக் கலையைப் பயில்வோர்க்கு ஸபீத் என்பது அறிமுகமான பெயர். 'அல்காமூஸ் அல்முஹீத்' தந்த மஜ்துத்தீன் ஃபைரோஸாபாதீ (ரஹ்) அவர்கள் யெமனின் தலைமைக் காழியாக ஏறத்தாழ 20 ஆண்டுகள் பணியாற்றி, ஹிஜ்ரி 817இல் இவ்வூரிலேயே மறைந்தார்கள். அவ்வகராதிக்குத் 'தாஜுல் அரூஸ்' என்னும் விரிவுரை வரைந்த முர்தளா (ரஹ்) அவர்கள் பிறந்தது வட இந்தியாவின் பில்கிராமில், மறைந்தது கெய்ரோவில். எனினும், தாம் கல்வி கற்ற இவ்வூரின் பெயராலேயே 'ஸபீதீ' என்று அறியப்பட்டார்கள்.

செங்கடலையொட்டிய திஹாமா சமவெளியில் அமைந்த இச்சிறு நகரை, அப்பாஸிய கலீஃபா மஃமூன் அனுப்பிய இப்னு ஸியாத் ஹிஜ்ரி 204இல் (கி.பி. 820) தம் தலைநகராக்கினார். ரஸூலிய மன்னர்கள் காலத்தில் (1229-1454) இங்கு மத்ரஸாக்கள் பெருகின. ஷாஃபிஈ ஃபிக்ஹில் 'இர்ஷாத்' இயற்றிய இப்னுல் முக்ரீ (ரஹ்) அவர்களும் இங்கு வாழ்ந்தவர்களே. மதில் சூழ்ந்த பழைய நகரம், சுட்ட செங்கல்லால் எழுந்து சுண்ணாம்பு பூசப்பட்ட முற்ற வீடுகள், எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் ஆகியவை அக்காலத்தின் எச்சங்கள்.

1993இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் ஏழே ஆண்டுகளில், 2000இல், 'அபாயத்திலுள்ள பாரம்பரியம்' என்னும் மற்றொரு பட்டியலிலும் இது இடம்பெற்றது. அதற்குள் வீடுகளில் சுமார் 40 விழுக்காடு கான்கிரீட் கட்டடங்களாக மாறியிருந்தன. பழைய கடைவீதியும் சிதைந்துகொண்டிருந்தது. 2007இல் உலகப் பாரம்பரியக் குழு, நிலைமை திருந்தாவிடில் பெயரே நீக்கப்படலாம் என எச்சரித்தது. அதன்பின் ஜெர்மானிய உதவியுடன் சீரமைப்புப் பணிகள் நடந்தன. வரலாற்று நகரங்களைக் காக்கும் சட்டமோ, அங்கீகாரம் கிடைத்து 20 ஆண்டுகள் கழிந்து, 2013இல்தான் வந்தது. 2015இல் போர் மூண்டது. அபாயப் பட்டியலிலிருந்து ஸபீத் இன்னும் விடுபடவில்லை.

இதற்காக ஊர் மக்களைப் பழிப்பது எளிது, நியாயமன்று. குடும்பம் பெருகும்போது ஓர் அறை கூடுதலாகத் தேவைப்படுகிறது. பழைய முறையில் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசக் கைதேர்ந்த கொத்தனாரும் வேண்டும், செலவும் மிகுதி. சிமெண்டில் வேலை விரைவாக முடிகிறது. வறிய குடும்பத்தலைவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் முன்னோர் கையாண்ட வழி சிந்தனைக்குரியது. மத்ரஸாவைக் கட்டிய ரஸூலிய மன்னர்கள் கட்டடத்தோடு நின்றுவிடவில்லை. விளைநிலங்களை வக்ஃப் செய்து, அவற்றின் வருவாயை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பராமரிப்புக்கும் உரியதாக்கினார்கள். வருவாயற்ற கட்டடம் நீடித்து நில்லாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நம் காலத்தின் அங்கீகாரம் ஸபீதுக்குப் புகழைத் தந்தது. வீட்டுக்காரர் தம் சுவரைப் பழுதுபார்க்க நிலையான வருவாய் எதையும் தரவில்லை. ஒரு பழம்பெரும் குடியிருப்பைக் காக்க விழைவோர் முதலில் விடைகாண வேண்டிய கேள்வி இதுவே: அங்கு குடியிருப்போர் தொடர்ந்து அங்கேயே வாழ்வதற்கு நாம் என்ன வக்ஃப் செய்திருக்கிறோம்?