மூன்று கால் எருமையும் சுரண்டிய எருமையும்

அமெரிக்காவில் 1913 முதல் 1938 வரை வெளிவந்த ஐந்து சென்ட் நாணயத்தின் ஒரு பக்கம் பூர்வகுடி மனிதரின் தலையும் மறுபக்கம் காட்டெருமையும் இருக்கும். வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஏர்ல் ஃபிரேசர் என்ற சிற்பி. சேகரிப்பாளர்கள் இதை 'பஃபலோ நிக்கல்' என்பார்கள்.

எருமைக்கு நான்கு கால். ஆனால் 1937-ல் டென்வர் நாணயச்சாலையில் அடித்த சில காசுகளில் மூன்று கால்தான்! வலது முன்னங்காலைக் காணோம். அதன் குளம்பு மட்டும் தரையில் நிற்கிறது.

கால் எப்படிப் போனது?

இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே உலோகத் தகட்டை வைத்து அழுத்தினால் காசு கிடைக்கும். தகடு இல்லாமல் அச்சுகள் மோதிக்கொண்டால் ஒன்றின் உருவம் மற்றதில் தழும்பாகப் பதியும். தழும்பு போக அச்சைத் தேய்ப்பார்கள். டென்வரில் அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டார்கள். காசில் மேடாகத் தெரிவதெல்லாம் அச்சில் பள்ளம். ஆழம் குறைந்த பள்ளமாக இருந்த கால், தேய்த்ததில் மறைந்துவிட்டது.

இந்தக் காசுக்குச் சேகரிப்பாளர்களிடம் நூற்றுக்கணக்கான டாலர் விலை உண்டு. எனவே சாதாரண 1937 காசில் ஒரு காலைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்பவர்களும் கிளம்பினார்கள். இரண்டிலும் கால் இல்லை. எது பிழை, எது சேதம்?

அச்சில் குழி விழுந்தால் காசில் புள்ளி புடைக்கும். அச்சில் கீறல் விழுந்தால் காசில் கோடு புடைக்கும். வெளியே வந்த பிறகு காசின் மேல் விழும் கீறலோ பள்ளமாகவே இருக்கும். உலோகம் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். உண்மையான மூன்று கால் காசில் எருமையின் வயிற்றிலிருந்து தரை வரை புடைத்த சிறு புள்ளிகள் வரிசையாக இறங்குகின்றன. பின்னங்காலும் அரித்ததுபோல் மெலிந்திருக்கும். சுரண்டிய காசில் இந்தப் புள்ளிகள் இருக்காது, கத்தி பட்ட தடம்தான் இருக்கும். சுரண்டி உலோகத்தை எடுக்கலாம். புள்ளிகளைப் புடைக்க வைக்க முடியாது. டென்வரைக் குறிக்கும் 'டி' எழுத்தும் எருமைப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பிழை எப்போதும் அச்சில்தான் என்பதில்லை, தகட்டிலும் நேரலாம். இரண்டாம் உலகப்போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் 1943-ல் ஒரு சென்ட் காசைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். பழைய வெண்கலத் தகடுகள் சில எந்திரத்தில் தங்கி அவற்றிலும் அந்த ஆண்டு பதிந்துவிட்டது. இதற்கும் போலி வந்தது, எஃகுக் காசின் மேல் செம்பு முலாம் பூசி. காந்தம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். எடையும் காட்டிக்கொடுக்கும்: வெண்கலக் காசு 3.11 கிராம், எஃகுக் காசு சுமார் 2.7 கிராம். இன்னொரு வகையினர் 1948 காசில் எட்டைச் சுரண்டி மூன்றாக்கினார்கள். அதில் காந்தமும் ஒட்டாது, எடையும் சரியாக இருக்கும். அங்கே கடைசி எண்ணைப் பூதக்கண்ணாடியில் பார்த்தே ஆக வேண்டும்.

ஆகவே விசித்திரமான காசு ஒன்று கையில் கிடைத்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இதற்கு என்ன விலை?" என்பதல்ல. "தகடு, அச்சு, அடி இந்த மூன்றில் எங்கே தவறு நடந்தால் இப்படி வரும்?" என்பதே. மூன்றிலும் பதில் இல்லையென்றால் அது பிழையல்ல, அடிபட்ட ஐந்து சென்ட்தான்.