தொட்டி மீனின் அந்திம காலம்

சீன தேசத்தில் பௌத்த சமயம் வேரூன்றிய நாட்களில், கொல்லப்படவிருக்கும் உயிரை விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்வது பெரும் புண்ணியமென்று மக்கள் நம்பினார்கள். மடாலயங்களை அடுத்து அதற்கென்றே குளங்கள் அமைந்தன. உணவுக்காகப் பிடிபட்ட மீன்களிடையே, சாம்பல் நிறமான தன் இனத்தாரிலிருந்து வேறுபட்டுச் செந்நிறமாகவோ பொன்னிறமாகவோ பிறந்த மீன் ஒன்று எப்போதாவது அகப்படும்போது, அந்த அபூர்வப் பிராணியை அடுப்பில் ஏற்ற மனம் வராதவர்கள் அதை அக்குளங்களிலே விட்டார்கள். அவ்வாறு உயிர்ப்பிச்சை பெற்ற மீன்களின் வம்சமே நம் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இன்று உலவும் தங்கமீன். 12ஆம் நூற்றாண்டில் தென் சோங் சக்கரவர்த்தி காவோசோங் ஹாங்சௌ நகரத்து அரண்மனையில் தங்கமீன் குளம் அமைத்தார். மிங் வம்சத்தவரின் ஆட்சி முதிர்ந்த காலத்தில் மீன் குளத்தை விட்டு மட்பாண்டத்திற்கு வந்துவிட்டது. 1596இல் ஜாங் சியாண்டே என்பவர் செந்நிற மீன்களைப் பற்றித் தனி நூலே இயற்றினார்.

குளத்தில் வாழ்ந்த மீன் நோயுற்றால் அதன் முடிவை எவரும் கண்டதில்லை. கொக்கு கொத்திச் செல்லும். பெரிய மீன் விழுங்கும். இரண்டும் இல்லையேல் சேற்றோடு சேறாகும். பாண்டத்திலும் கண்ணாடியிலும் அடைபட்ட மீனுக்கோ அந்த விரைந்த முடிவும் இல்லை, மறைந்து மரிக்கும் வசதியும் இல்லை. விரோதிகள் அனைவரையும் விலக்கி அதைக் காத்த மனிதன், அது ஒரு மூலையில் சாய்ந்து, செதில்கள் சிலிர்த்து, வயிறு வீங்கி, நாட்கணக்கில் மூச்சுக்குத் தவிப்பதைக் கண்ணெதிரே காணும் நிலைக்கு வந்தான். இந்த விஷயத்தில் பொறுப்பு அங்கேதான் பிறந்தது என்பது என் கருத்து. ஆனால் அது உணரப்பட நெடுங்காலம் சென்றது.

லண்டனில் 1665ஆம் ஆண்டு மே மாதத்தில் ஸாமுவேல் பீப்ஸ் கண்ணாடிப் பாத்திரத்து நீரில் அன்னிய தேசத்து மீன்களைக் கண்டு வியந்து, அவை அவ்வாறே என்றென்றும் வாழுமாம் என்று தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். கண்ணாடிக்குள் இருப்பதற்கு மரணமுண்டு என்ற நினைவே அன்று எழவில்லை போலும். 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர், நீர்த்தாவரமும் நத்தையும் மீனும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று தாங்கி வாழுமென்று நிரூபித்தார். 1853இல் ரீஜெண்ட்ஸ் பூங்காவின் மிருகக்காட்சிசாலையில் மீன்களுக்கென்று தனி மாளிகை திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் வெளியிட்ட நூல் மத்தியதரக் குடும்பங்கள் பலவற்றில் தொட்டி வைக்கும் மோகத்தை மூட்டிற்று. அக்காலத்து வழிகாட்டிகளின் கவலையெல்லாம் நீரைப் பற்றியது: இறந்ததை உடனே அப்புறப்படுத்தாவிடில் நீர் கெட்டு எஞ்சியவையும் மடியும். இறந்துகொண்டிருப்பதை என்ன செய்வது என்பது வேறு கேள்வி.

சட்டமும் அந்தக் கேள்வியைத் தாமதமாகவே அணுகியது. 1822இல் ரிச்சர்ட் மார்ட்டின் முயற்சியால் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் நிறைவேறிய பிராணி வதைத் தடைச் சட்டம் மாடு, குதிரை, ஆடு போன்றவற்றோடு நின்றது. 1876ஆம் ஆண்டுச் சட்டம் முதுகெலும்புள்ள பிராணிகள் அனைத்தையும் குறித்ததால் மீனும் அதில் இடம் பெற்றது; ஆனால் அது ஆய்வுக்கூடத்துச் சோதனைகளுக்கு மட்டுமே பொருந்தியது.

இத்தனை தாமதத்திற்குக் காரணம் மீனின் மௌனமே. அது அலறுவதில்லை, அதற்கு இமையில்லை, கண்ணீரில்லை, வேதனையை எழுதிக்காட்டும் முகமும் இல்லை. ஆகவே அன்புள்ளவர்களும் தம்மை அறியாமலே கொடிய வழிகளைக் கைக்கொண்டார்கள். கழிப்பறைக் குழியில் விட்டுத் தண்ணீரைத் திறப்பது, பனிப்பெட்டியில் வைத்து உறையச் செய்வது, தரையில் போட்டு அது ஓயும்வரை காத்திருப்பது என்ற இம்மூன்றும் தேசம்தோறும் வழக்கமாயின. நீரை விட்டு வெளியேறிய மீனின் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, அது மெல்ல மூச்சடைத்துப் போகிறது. பனிக்கட்டி மூடிய குளத்தடியிலும் குளிர்காலத்தைக் கழிக்கும் ஆற்றல் பெற்ற தங்கமீனுக்குக் குளிர் மயக்கம் தருமென்பது மனிதனின் கற்பனை. குழாயில் போனதோ குளோரினும் கழிவும் கலந்த இருளில் உயிரோடு தவிக்கிறது. அறியாமையால் நேர்ந்த இக்கொடுமைகளை நினைக்கையில் மனம் கலங்குகிறது. செய்தவர்களைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை.

மேலான வழிகள் வந்து சேர்ந்த விதம் மிகவும் கவனிக்கத்தக்கது. ஏனெனில் அவற்றுள் எதுவும் நோயுற்ற வளர்ப்பு மீனுக்காகத் தேடப்பட்டதன்று. ஜப்பானியச் செம்படவர்கள் பிடித்த மீனின் மூளையில் கூரிய ஆணியைச் செலுத்தி ஒரே கணத்தில் அதன் உயிரை நீக்கும் 'இகெஜிமே' முறையைக் கையாண்டது, துடித்துச் செத்த மீனின் மாமிசம் சுவை குன்றுமென்பதனால். நீரில் கரைத்தால் செவுள் வழியே ரத்தத்தில் கலந்து மீனை மயக்கும் 'எம்.எஸ். 222' என்ற வெண்பொடி, மனிதருக்குக் கொக்கெயினுக்குப் பதிலான மரப்பு மருந்தைத் தேடிய முயற்சியில் கிடைத்தது. அது நீரைப் புளிப்பாக்கிச் செவுளை எரிக்குமாதலால் ஆப்ப சோடாவைச் சேர்த்துச் சமன் செய்தே பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது பொருள் நமக்கு மிகவும் பழகியது. மலுக்குத் தீவுகளில் விளைந்து, போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ரத்தம் சிந்திப் போராடுவதற்குக் காரணமான கிராம்பின் தைலம், பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைப்பதற்காக நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. பல்லை மரக்கச் செய்யும் யூஜெனால் என்ற சத்து நன்னீர் மீன்களையும் மயக்குமென்பதை 1972இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் விவரித்தார்கள். 1990களில் நியூஸிலாந்தில் அதன் நெருங்கிய உறவான ஐஸோயூஜெனாலைக் கொண்டு மீன் பண்ணைகளுக்கான மருந்தொன்று உருவாயிற்று. பின்னர், வைத்தியர் கிட்டாத ஊர்களில் மீன் வளர்ப்போர் நாடும் துணையாகவும் அந்தச் சிறு புட்டித் தைலம் அமைந்தது.

மருந்து கிடைத்த பின்னும், மீனுக்கு வேதனை உண்டா என்ற விவாதம் ஓயவில்லை. வேதனையை உணர்வதற்கு வேண்டிய பெருமூளைப் புறணி மீனுக்கு இல்லையென்று 2002இல் அமெரிக்கரான ஜேம்ஸ் ரோஸ் வாதித்தார். மறு ஆண்டே லின் ஸ்னெடன், விக்டோரியா பிரெய்த்வெய்ட், மைக்கேல் ஜென்டில் ஆகிய மூவரும் ஸ்காட்லாந்தில் ட்ரவுட் மீன்களைக் கொண்டு செய்த ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மீனின் முகத்திலும் தலையிலும் அவர்கள் ஆராய்ந்த 58 உணர்விடங்களில் 22, ஊறு விளைவிக்கும் தூண்டுதல்களை அறியும் வகையைச் சேர்ந்தவை. தேனீயின் விஷமோ அசெட்டிக் அமிலமோ உதட்டில் செலுத்தப்பட்ட மீன்கள் நெடுநேரம் இரையைத் தொடவில்லை. சில, பக்கவாட்டில் அசைந்தாடி, உதட்டைத் தரையிலுள்ள கூழாங்கற்களில் தேய்த்தன. மார்ஃபின் கொடுத்தபோது அந்தச் செய்கைகள் தணிந்தன என்ற ஸ்னெடனின் முடிவைப் படித்த பிறகு, சந்தேகத்தின் பலனை மீனுக்கே கொடுப்பதுதான் நியாயமென்று எனக்குத் தோன்றுகிறது. எதிர்வாதம் செய்யும் விஞ்ஞானிகள் இன்றும் உளர். அவர்கள் கட்சியே சரியென்றாலும், மீனை மயக்கி அனுப்புவதால் எவருக்கும் நஷ்டமில்லை.

நம் நாட்டில் தடை வேறு இடத்திலிருந்து வருகிறது. உயிரைப் போக்குவது எந்நிலையிலும் பாவமன்றோ என்று தயங்குகிறவர்கள், 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் நடந்ததை அறிய வேண்டும். பிழைக்க வழியின்றித் துடித்துக்கொண்டிருந்த கன்று ஒன்றை, சுற்றியிருந்தோரோடு ஆலோசித்தபின், காந்தியடிகள் ஊசி மருந்தால் முடிக்கச் செய்தார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. கோபத்தாலும் சுயநலத்தாலும் உயிரைப் போக்குவதே ஹிம்சை, வேறு பரிகாரம் இல்லாதபோது அந்த உயிரின் நன்மை ஒன்றையே கருதிச் செய்வது அஹிம்சையோடு முரண்படாது என்ற நிலையில் அவர் உறுதியாக நின்றார். ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் தொடங்கிய முயற்சியின் பயனாக 1960இல் பிறந்த பிராணி வதைத் தடுப்புச் சட்டமும், துன்பத்தில் வைத்திருப்பதே கொடுமையாகிவிட்ட பிராணியின் உயிரை முடிக்க வழி செய்தது. மனிதன் நீங்கலான எந்த ஜீவனும் பிராணியே என்பது அச்சட்டம் தரும் விளக்கமாதலால், மீன் அதற்குப் புறம்பானதன்று.

அமெரிக்கக் கால்நடை வைத்திய சங்கம் 1963 முதல் வெளியிட்டு வரும் கருணைக்கொலை நெறிகள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் மீன்களைப் பற்றி விரிவாகப் பேசின. கழிவுக் குழாயில் விடுவது ஏற்கத்தகாதென்று அதில் எழுதப்பட்டது. முடிவெடுக்கும் தருணத்தை எந்த நூலும் நாள் குறித்துச் சொல்ல இயலாது. நீரை மாற்றியும், நோயுற்றதைத் தனித் தொட்டியில் பிரித்தும், மருந்திட்டும் தேறாமல், இரையை மறுத்து, நிமிர்ந்து நிற்கவும் இயலாமல் கிடக்கும் மீனை மேலும் காத்திருக்கச் செய்வது அதன்பொருட்டா நம்பொருட்டா என்று வளர்த்தவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கிராம்புத் தைலம் நீரோடு எளிதில் கலவாது. ஆகையால் வெதுவெதுப்பான நீரில் தனியே நன்றாகக் குலுக்கி, அந்தப் பால்நிறக் கலவையை மீனிருக்கும் தொட்டி நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். மீன் நிலை தடுமாறிச் சாய்ந்து உணர்விழந்த பிறகே அளவை உயர்த்தலாம். செவுள் அசைவு நின்ற பின்னும் இதயம் துடிக்குமாதலால், குறைந்தது முப்பது நிமிஷமாவது அந்த நீரிலேயே இருக்க விட வேண்டும். உடலைக் குளத்திலோ ஆற்றிலோ எறிந்தால் அதன் நோய் அங்குள்ள மீன்களைப் பற்றக்கூடும். தோட்டத்து மண்ணில் ஆழப் புதைப்பதே முறை.