சாரணர் மானியமும் உபகாரச் சம்பளமும்

ஏலப்பாறை என்னும் பெயரில் ஏலம் இருப்பினும், அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடப்பது தேயிலையே. குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனைக்குச் செல்லும் பாதையில், இடுக்கி மாவட்டத்துப் பீருமேடு வட்டத்தில் அமைந்த மலையூர் அது. காப்பிச் செடிகளை இலைநோய் அழித்த பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அம்மலைகளில் தேயிலை வேரூன்றியது. கொழுந்து பறிப்பதற்கெனக் கங்காணிகளின் பின்னே மலையேறிச் சென்றவர் பலரும் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளின் ஏழை மக்கள். தோட்டத்து லயங்களிலேயே அவர்களுடைய மக்களும் பேரரும் பிறந்து வளர்ந்தனர்.

அப்பிள்ளைகளுள் ஒருவன் பள்ளியிற் சேர்ந்து, கழுத்தில் சாரணர் துண்டு அணிந்து, ஊருக்குத் தொண்டு செய்யப் புறப்படுகின்றான் என்று கொள்வோம். அத்தொண்டை முன்னிட்டு அவனுடைய படிப்புக்குப் பொருளுதவி கிட்டுமா? எளிய வினா, ஆயின் விடைக்கு நூறாண்டு வரலாற்றைப் புரட்ட வேண்டும்.

முதலில் இரு சொற்களைப் பிரித்தறிதல் நலம். 'மானியம்' என்பது ஓர் அமைப்புக்கு அளிக்கப்படுவது. படைக்கும் பள்ளிக்கும் சங்கத்துக்கும் உரியது. 'உபகாரச் சம்பளம்' மாணாக்கனின் கைக்கே வருவது; இன்று அதனை உதவித்தொகை என்கிறோம். சர்க்கார் காகிதங்களை நாள்தோறும் மொழிபெயர்க்கும் என் போன்றோருக்கு இவ்விரண்டும் ஒன்றோடொன்று குழம்பும் இடங்கள் நன்கு தெரியும். 'மாணவர் நலனுக்கு நிதி' என்று அறிக்கை கூறும். அந்நிதி கூடாரமாகவும் முரசாகவும் பேருந்துக் கட்டணமாகவும் செலவாகியிருக்கும். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அது உபகாரச் சம்பளம் அன்று.

இந்நாட்டில் சாரணர் இயக்கம் 1909இல் பெங்களூரில் தோன்றியபோது ஐரோப்பியச் சிறுவருக்கே அதில் இடமிருந்தது. இந்தியச் சிறுவருக்குக் கதவு அடைபட்டிருந்தமையால், 1916இல் அன்னி பெசண்ட் அம்மையார் அருண்டேலின் துணையோடு சென்னையில் இந்தியருக்கெனத் தனிச் சங்கம் கண்டார். ஈராண்டுகளின் பின் அலகாபாத்தில் மதன மோகன மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை நிறுவினர். இவையெல்லாம் அன்பர்களின் கொடையால் நடந்தவை. விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7ஆம் நாள், சங்கங்கள் இணைந்து பாரதச் சாரணர் சாரணியர் இயக்கமாயின. கதவு எல்லோருக்கும் திறந்தது. எம்மொழியினன், எங்கிருந்து வந்தவன் என்று அது கேட்கவில்லை.

மேற்சொன்ன குன்ஸ்ருவே 1946இல் தேசிய மாணவர் படைக்கான குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1948இல் சட்டம் இயற்றப்பெற்று அப்படை உருவாயிற்று. நாட்டு நலப்பணித் திட்டமோ காந்தியடிகள் நூற்றாண்டை ஒட்டி, 1969 செப்டம்பர் 24இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணாக்கருடன் தொடங்கியது. மத்திய சர்க்கார் ஏழு பங்கும் மாநிலம் ஐந்து பங்குமாக நெடுங்காலம் அதன் செலவைப் பகிர்ந்தன; 2016 முதல் மத்திய சர்க்காரே முழுவதையும் ஏற்றது. தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்பெற்றாலும், பணம் செல்வது தலைக்கன்று, முகாமுக்கு. மாணாக்கன் பெறுவது சான்றிதழ். கேரளத்திலாயின் தேர்வில் கூடுதல் மதிப்பெண்ணும் உண்டு. தொண்டுக்குக் கூலி கூடாது என்னும் பழைய கொள்கையே இதன் அடியில் இருப்பது. நல்ல கொள்கைதான், ஆயினும் கட்டணம் கட்ட வழியற்ற வீட்டில் அதன் பொருள் வேறு.

கடல் கடந்த நாடுகளிலும் நிலை ஏறத்தாழ இதுவே. ரோட்டரி சங்கத்தின் அறநிதி 1917இல் தொடங்கியது. நிறுவனர் பால் ஹாரிஸ் மறைந்த 1947இல் முதன்முதலாக 18 மாணாக்கர் அதனால் மேற்படிப்புக்குச் சென்றனர். மாணவர்க்கான இன்டராக்ட் சங்கம் பிறந்ததோ 1962இல்தான். சங்கம் ஒருபுறம், சம்பளம் மறுபுறம்.

இவ்விரண்டும் ஒரே கையிலிருந்து வந்த இடம் ஒன்றுண்டு. அதுதான் தேயிலைத் தோட்டம். 1951இல் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் இருபத்தைவருக்கு மேற்பட்டால் முதலாளி கல்வி வசதி செய்யுமாறு விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் தந்தது. பதின்மூன்றாம் வயதுக்கு அதில் விடையில்லை. 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி 1954 ஏப்ரல் 1இல் அமைந்த தேயிலை வாரியம் அவ்விடைவெளியில் புகுந்தது. தொழிலாளர் மக்களின் படிப்புக்கு உபகாரச் சம்பளம் அளித்தது. தோட்டப் பகுதிச் சாரணர் பணிக்கும் மானியம் வழங்கி வந்தது. அவ்வுதவி கேட்டது ஒன்றே: பெற்றோர் தோட்டத்தில் வேலை செய்கின்றனரா? பிறந்த மாநிலம் எது என்பது அங்கே வினாவன்று.

மற்ற உபகாரச் சம்பளங்கள் அவ்வாறல்ல. தாழ்த்தப்பட்ட வகுப்பினரின் மேற்படிப்புக்கான சம்பளம் 1944 முதல் உள்ளது. ஆனால் வகுப்புப் பட்டியலுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10இல் பிறந்தது. அந்நாளில் குடும்பம் எம்மாநிலத்தில் நிலையாக வாழ்ந்ததோ, அம்மாநிலத்தில்தான் சலுகை. வகுப்பின் பெயர் இரு மாநிலப் பட்டியல்களிலும் இருந்தாலும், பின்னர்க் குடிபெயர்ந்தவர் புதிய மாநிலத்தில் உரிமை கோர முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. 1950க்கு முன்பே மலையேறியவரின் பேரன் என்ன செய்வான்? கம்பெனி லயத்தில் வாழ்ந்தவருக்கு நிலப்பட்டா இல்லை, வீட்டுவரிச் சீட்டு இல்லை. எஞ்சுவது தோட்டத்துப் பதிவேடு ஒன்றுதான்.

டில்லியிலும் பம்பாயிலும் வாழும் நம்மவர்க்கும் இது தொலைவான செய்தியன்று. தகப்பனாருக்குத் தமிழ்நாட்டில் வழங்கப்பட்ட சான்றைக் காட்டினால், தாம் வாழும் மாநிலத்து அதிகாரியிடமே பிள்ளைக்குச் சான்று பெறலாம் என்று உள்துறை அமைச்சகம் அறிவித்தது. ஆயின் அச்சான்றால் வரும் சலுகைகள் மாநில அளவில் பூர்வீக மாநிலத்துக்கே உரியவை. பலர் இதனை அறியாமல் இரண்டிடத்திலும் விண்ணப்பிக்காது விடுகின்றனர் என்பதே என் எண்ணம்.

2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீருமேட்டுத் தோட்டங்கள் பல மூடப்பட்டன. கூலி நின்றது, பிள்ளைகள் பலர் படிப்பை விட்டு வேலை தேடி இறங்கினர். வாரியத்தின் சம்பளத்துக்கு விண்ணப்பிப்பவர் தோட்டத்து நிர்வாகியின் கையொப்பம் பெற வேண்டும். பூட்டிய அலுவலகத்தில் நிர்வாகி இல்லை. பாட்டன் மலையேறிய ஆண்டைச் சொல்லக்கூடிய பதிவேடும் அதே பூட்டுக்குள்ளேதான் கிடந்தது.